சகிரிச்சோறு மண்புழுவுக்குச் சோறாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைக் கழிவையும் பண்ணைக் கழிவையும் மண்புழுவைக் கொண்டு உரமாக்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதைக் கொட்டினாலும் புழு தின்று உரமாக்கிவிடும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், தின்னாது.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கு பார்த்தாலும் தென்னை. அதனால் நார் மில்லுக்கும் குறைவில்லை. தேங்காய் மட்டையில் நாரை எடுத்தபின் உதிரும் தூளை மலையாளத்தில் சகிரிச்சோறு என்பார்கள். சோறு என்ற பெயரை நம்பி இரண்டு வண்டி வாங்கி வந்து, அன்றைய சாணியைக் கலந்து தொட்டியை நிரப்பி, ஐந்து கிலோ புழுவை விட்டேன். மறுநாள் விடியுமுன் டார்ச் அடித்துப் பார்த்தால், அத்தனையும் சிமெண்ட் சுவரில் ஏறி விளிம்பில் தொங்குகின்றன. உள்ளே கையை விட்டேன். வைக்க முடியாத சூடு. ஏற முடியாதவை மூன்றாம் நாள் வெளுத்துக் கிடந்தன. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது.

இந்த நார்க்கழிவில், எளிதில் மட்காத லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். தழைச்சத்தைப் போல நூறு மடங்கு கரிமச்சத்து அதில் இருக்கிறது. டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் ஒரு மாதம் மட்க வைத்த பிறகுதான் புழு அதன் பக்கம் வரும். பச்சைச் சாணியையும் ஆறப்போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது நான் ஓலைக்கு மாறிவிட்டேன். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறைதான். தோப்பில் கிடந்து நைந்த ஓலை பத்துப் பங்கு, சாணி ஒரு பங்கு. இரண்டரை மூன்று மாதத்தில் போட்டதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக உரம் கிடைக்கிறது. தொட்டியில் விடுவது யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்க இனத்துப் புழு. என் அப்பத்தா நாங்கூழ் என்றும், பக்கத்துத் தோட்டத்து மலையாளி ஞாஞ்ஞூல் என்றும் சொல்கிற நம் வயல் புழு வேறு. அது மண்ணைத் துளைப்பது, இது குப்பையைத் தின்பது. கட்டுரையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

என் கவலை ஆலைக் கசடைப் பற்றியது. கரும்பாலை அழுக்கு மட்கும், சரி. சாயக் கசடில் உள்ள குரோமியத்தையும் ஈயத்தையும் எந்தப் புழு செரிக்கும்? கொஞ்சம் அதன் உடம்பில் ஏறும். மீதி உரத்திலேயே தங்கும். குப்பை மட்கிச் சுண்டச் சுண்ட, கிலோவுக்கு அந்த உலோகங்களின் அளவு கூடத்தான் செய்யும். அதனால்தான் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம்.

சென்ற மாதம் தக்காளி நாற்றுக்காக தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் போய் ஒரு மூட்டை மண்புழு உரம் வாங்கினேன். மூட்டையின் மேல் கொழுத்த புழுவின் படம் இருக்கிறது. எந்தக் கழிவில் செய்தது, எங்கே பரிசோதித்தது என்று ஒரு வரி இல்லை. கடைக்காரரைக் கேட்டேன், "இயற்கை உரத்துக்கு எதுக்குங்க பரிசோதனை?" என்றார். அடுத்த கட்டுரையை அந்த மூட்டையிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை