முதலில் கல்ச்சர், அப்புறம் சிரப்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காய்ச்சலோடு வரும் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு, வணக்கம்.

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உட்புறத்திலும் வால்விலும் கிருமி தொற்றும் நோய், நீங்கள் படித்த பாடம்தான். என் தங்கை மகளுக்கு அது வந்தபோது, பார்த்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை.

வைரல் காய்ச்சல் என்றார்கள். வைரலுக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக் என்று கேட்டால், 'எதுக்கும் இருக்கட்டும்.' சிரப் குடித்தால் காய்ச்சல் இறங்கும். பாட்டில் தீர்ந்ததும் மறுபடி ஏறும். ராத்திரியில் தலையணை நனைய வியர்த்தது. சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்தது. நகத்துக்கு அடியில் செம்பழுப்பாக மெல்லிய கோடுகள் வந்தன. கதவில் நசுக்கிக்கொண்டாளா என்று கேட்டார் ஒருவர். எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்த ஃபைலைத் தங்கை ஒவ்வொரு தடவையும் மேசைமேல் வைப்பாள். அதையே அட்டையாக வைத்து மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியில் பெரிய மருத்துவமனையில் ரத்த கல்ச்சர் எடுத்தார்கள், அதாவது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை. ஒன்றும் வளரவில்லை. எப்படி வளரும்? குடித்த சிரப்பெல்லாம் ரத்தத்தில் இருந்த கிருமியை அடக்கியதே தவிர, வால்வில் ஒட்டியிருந்ததை அழிக்கவில்லை. அதை எக்கோ காட்டிக்கொடுத்தது. எந்தக் கிருமி என்று தெரியாததால், இருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு வாரம் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் தேடினார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். இதயக் குறை உள்ள குழந்தைக்குக் காரணம் பிடிபடாத காய்ச்சல் என்றால், முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே கல்ச்சர் எடுங்கள். வசதி இல்லையா, சிரப் எழுதாமல் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். உயிருக்குப் போராடும் குழந்தைக்கு மருந்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. இவள் நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்த குழந்தை.

'சின்ன ஓட்டைதான், தானா மூடிடும்' என்று சொல்லி அனுப்புவதோடு பலர் முடித்துக்கொள்கிறீர்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிளம்பும் கிருமி ஓட்டையை அளந்து பார்த்துவிட்டு வருவதில்லை. ஈறையும் பல்லையும் கவனியுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று பேனர் கட்ட மட்டும் எல்லா மருத்துவமனையிலும் சுவர் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, நகத்தடிக் கோடு என்று இந்த நாலு அறிகுறியைத் தமிழில் எழுதி ஒட்டத்தான் இடமில்லை போலும்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். வாசலில் எவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது என்பதும் தெரியும். இருந்தாலும் தயவுசெய்து ஃபைலைத் திறந்து பாருங்கள். இதயக் குறை என்று அதில் இருந்தால் முதலில் கல்ச்சர், சிரப் அப்புறம்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்