புழல் ஏரி விமானத்துக்கு உதிரி தந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள், தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம்.

காட்டலினா என்ற கடல்விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி முடிந்துவிட்டது. மூக்கிலிருந்து வால் வரை ஒரு பாகம்கூடக் குறையாமல் வியாசர்பாடியில் எங்கள் வீட்டு அலமாரியில் நிற்கிறது. அதைச் சொல்லவும், கை கொடுத்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லவும்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டீர்கள். அதனால் எல்லாரையுமே ஊரையும் தொழிலையும் வைத்துத்தான் குறிப்பிடுகிறேன். படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தாய்மாமா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பர்மா பஜாரில் பார்த்து ஆசைப்பட்டு அவர் வாங்கி வைத்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் காட்டலினா கிட், அதாவது பாகம் பாகமாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கிற மாதிரிப் பெட்டி. 1/72 அளவு. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 31 மீட்டருக்குச் சற்று மேல். கிட்டில் அது சுமார் 44 சென்டிமீட்டர். ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக ஒட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தார். அதற்குள் கண் பார்வை குறைந்துவிட்டது. "நீ ஒட்டுடா, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்றேன்" என்று என்னிடம் கொடுத்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஆனால் அட்டைப்பெட்டி ஊறிப் பிரிந்து, உள்ளே இருந்ததெல்லாம் வீடு முழுக்கச் சிதறிவிட்டது. விமானத்தின் மேல் ஒட்டுகிற அடையாளப் படங்கள் இருக்கும் டெக்கால் தாளோ, தண்ணீரில் நனைத்தால் படம் நழுவி வருகிற மாதிரியே செய்யப்பட்டது. அதில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. சேற்றை வாளியில் அள்ளி, என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் மாவு சலிக்கும் சல்லடையில் அலசி எடுத்துத் தந்ததால்தான் மற்ற பாகங்கள் கிடைத்தன. முதல் நன்றி அவர்கள் இரண்டு பேருக்கும். சொந்த வீட்டுப் பொருளே நனைந்து கிடக்கும்போது அடுத்த வீட்டுப் பிளாஸ்டிக் துண்டுகளைத் தேடுவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

கடைசிக் கணக்கில் குறைந்தவை: வலது பக்கத்துக் கண்ணாடிக் குமிழ், இடது இறக்கை நுனியின் மிதவை, ஒரு சக்கரம், அப்புறம் டெக்கால் முழுவதும்.

"வாங்கினால் போச்சு" என்று பலர் சொன்னார்கள். விற்பனையில் இருக்கும் கிட்டாக இருந்தால் உதிரி கேட்டு எழுதலாம், அனுப்பி வைக்கிற கம்பெனிகள் உண்டு. உற்பத்தி நின்றுபோன கிட்டுக்கு அந்த வழி கிடையாது. ஏர்ஃபிக்ஸே 1981-இல் நொடித்து, வேறு கைக்குப் போய், 1986-இல் ஹம்ப்ரால் கைக்கு மாறி, 2006-இல் ஹார்ன்பியிடம் வந்தது. ஃப்ராக் என்ற இன்னொரு கிட் கம்பெனியின் வார்ப்பு அச்சுகளில் பெரும்பகுதி எழுபதுகளில் சோவியத் யூனியனுக்குப் போய், நோவோ என்ற பெயரில் கிட்டுகளாக வெளிவந்தன. மேட்ச்பாக்ஸ் கம்பெனியின் அச்சுகள் ரெவெல் என்ற கம்பெனியிடம் போயின. அச்சு எங்கோ ஒரு கிடங்கில் இருந்தாலும், ஒரே ஒரு மிதவைக்காக யாரும் இயந்திரத்தை ஓட்டப் போவதில்லை. ஆக, நின்றுபோன கிட்டுக்கு உதிரி என்பது இன்னொருவர் வீட்டுப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால் அவருடைய கிட் ஊனமாகிவிடும். கொடுக்கிறவர்கள் எதை இழந்து கொடுக்கிறார்கள் என்பது இந்தத் தேடலில் இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் சக்கரம். இதில்தான் செங்குன்றம் பெரியவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். சக்கரம் தேடுகிறேன் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டவர், "எந்த காட்டலினா செய்யப் போறீங்க தம்பி?" என்று கேட்டார். புரியாமல் விழித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது நம்ம புழல் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடல்விமானத் தளம் இருந்தது, 240-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவின் காட்டலினாக்கள் 1942-இலிருந்து அங்கே இறங்கி ஏறின என்று அவர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ரெட்ஹில்ஸ் லேக் என்ற பெயரில் அந்தத் தளம் விமானப்படைப் பதிவுகளில் இருக்கிறது. விமானம் இறங்கும்போது ஏரித் தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பும் என்று அவருடைய அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். நாம் குடிக்கிற தண்ணீர் வருகிற ஏரி. பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற ஏரி. எனக்கு இது தெரியாது.

அந்த விமானங்கள் தண்ணீரில் மட்டுமே இறங்குகிற வகை. என்னிடம் இருந்த கிட்டோ தரையிலும் இறங்கும் வகை, அதனால்தான் அதில் சக்கரம். "புழல் விமானம் செய்யறதா இருந்தா சக்கரமே வேண்டாம், அந்தக் குழியை அடைச்சுடுங்க" என்றார். ஒரே பேச்சில் ஒரு குறை தீர்ந்தது. அதைவிடப் பெரிய விஷயம், என்ன செய்கிறோம் என்று தெரியாமலிருந்த எனக்கு எந்த விமானத்தைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சக்கரக் குழிகளை பிளாஸ்டிக் தகடு வைத்து மூடி, மேலே பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கார் பட்டியைக் கொஞ்சம் கொடுத்து, எந்த நம்பர் தாளில் தொடங்கி எதில் முடிக்க வேண்டும் என்று காட்டிய மூலக்கடை டிங்கரிங் அண்ணனுக்கும் நன்றி.

அடுத்தது மிதவை. காட்டலினாவின் மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி, அதுவே இறக்கையின் நுனியாகிவிடும். அது இல்லாவிட்டால் இறக்கையே வெட்டுப்பட்டது போல இருக்கும். ஒரு வியாபாரி அந்த ஒற்றைத் துண்டுக்கு முழுக் கிட்டின் விலை கேட்டார். அதை விடுங்கள். கோயம்புத்தூரில் இருக்கும் ஐயா ஒருவரிடம் அதே கிட், பிரிக்காத பெட்டியாக இருந்தது. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. உறையைப் பிரித்து, மிதவையின் இரண்டு பாதிகளையும் ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாமல், அதோடு அப்படியே பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பினார். "அச்சு எடுத்துட்டுத் திருப்பி அனுப்புங்க, அவசரமில்லை" என்று ஒரு துண்டுச் சீட்டு. பிரிக்காத பெட்டிக்கு இந்த உலகத்தில் என்ன மதிப்பு என்று கிட் சேர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஐயா, உங்கள் பாகம் பத்திரமாக வந்து சேர்ந்ததாகச் சொன்னீர்கள், ஆனால் பிரித்த உறையை நான் ஒட்டித் தர முடியாது. அந்தக் கடன் கடனாகவே இருக்கும்.

அச்சு எடுத்தது காசிமேட்டில். ஃபைபர் படகுக்கு ரெசின் வேலை செய்கிற தம்பி, பாரிஸ் கார்னரில் சிலிக்கான் ரப்பர் எங்கே வாங்குவது என்று சொன்னதோடு நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க என்னோடு உட்கார்ந்துவிட்டார். வாளி வாளியாகக் கலக்கிப் பழகியவர், எனக்காக ஒரு பாட்டில் மூடி அளவு கலந்தார். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் இத்தனை சொட்டு, அதற்கு மேல் போனால் சூடேறி வெடிக்கும். காற்றில் ஈரம் இருக்கிற நாளில் பொறுமை வேண்டும். ஊற்றும்போது ஒரு மூலையிலிருந்து நூல் மாதிரி விட்டால் குமிழி நிற்காது. இதெல்லாம் அவர் கைப்பாடம். முதல் வார்ப்பிலேயே தகட்டுக் கோடுகள்கூட விழுந்திருந்தன. காசு நீட்டினேன், "படகுக்குத்தானேண்ணா" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார்.

கண்ணாடிக் குமிழ்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். காட்டலினாவைப் பார்த்ததும் கண்ணில் படுவது பின்பக்கம் இரு விலாவிலும் புடைத்து நிற்கும் அந்தக் குமிழ்கள்தான். ஒரே மூச்சில் இருபது மணி நேரத்துக்கு மேலும் பறக்கக்கூடிய விமானம். கடலைக் கண்காணிக்கிறவர்கள் உட்கார்ந்த இடம் அந்தக் குமிழ்கள்தான். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது லெனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர் ஓட்டிய காட்டலினா. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, அதற்கு அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். குண்டுக்குப் பயந்து மெட்ராஸை விட்டு ஜனம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது அதே ஏப்ரலில்தான். அந்தக் குமிழ் இல்லாமல் இந்த விமானத்தை ஒப்பேற்ற எனக்கு மனசு வரவில்லை.

இடது குமிழ் இருக்கிறதே, அதையே நகல் எடுக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வலதும் இடதும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எதிரெதிர். நகல் எடுத்தால் இரண்டு இடதுதான் கிடைக்கும். ரெசினில் ஊற்றினால் கட்டியாக, மங்கலாக வரும். மரத்தில் வடிவம் செதுக்கி, அதன்மேல் மெல்லிய தாளைச் சூடாக்கி இழுக்க வேண்டும்.

மரத்தைச் செதுக்கிக் கொடுத்தவர் பெரம்பூர் பெரியவர். ரயில்வேயில் பேட்டர்ன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், வார்ப்புக்கு மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்குவதுதான் அந்தத் தொழில். இங்கே கணக்குத் தலைகீழ்: மேலே வரப்போகிற தாளின் கனத்தைக் கழித்து, மரத்தைச் சிறிதாகச் செதுக்க வேண்டும். இடது குமிழை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடிக்குள் தெரிகிற உருவத்தைப் பார்த்துப் பார்த்து, விரல் நகம் அளவு தேக்குத் துண்டில் அவர் உளி பிடித்த அழகை நான் மறக்க மாட்டேன். எழுபது வயதைத் தாண்டிய கை, ஒரு நடுக்கம் இல்லை. நடுநடுவே கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "தெரியுதா, இங்கே ஒரு மேடு" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் தேய்ப்பார்.

தாளை இழுத்துக் கொடுத்தது பழைய வண்ணாரப்பேட்டையில் பல் லேப் வைத்திருக்கும் அண்ணன். பல் வரிசை கலையாமல் இருக்க மாட்டுகிற தெளிவான கவசம் செய்வதற்கு அவரிடம் ஒரு சின்ன இயந்திரம் உண்டு. மேலே ஹீட்டர், நடுவில் தாளைப் பிடிக்கும் வளையம், கீழே துளைத்தட்டு, அதற்கடியில் காற்றை உறிஞ்சும் மோட்டார். தாள் சூடாகி நடுவில் தொய்யும். அந்தத் தொய்வு சரியான அளவுக்கு வந்த நொடியில் வளையத்தை இறக்கி மோட்டாரைப் போட வேண்டும். முந்தினால் மூலை சரியாகப் படியாது, பிந்தினால் கண்ணாடி மெலிந்து கிழியும். பல்லுக்குப் போடும் தாள் கனமாக இருந்ததால், அவரிடம் இருந்ததிலேயே மெல்லியதைத் தேடி எடுத்தார். வேலை நேரம் முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் தாளுக்கு மேல் தாளாக மாற்றி மாற்றி இழுத்தார். நான் "இது போதும்ணே" என்று சொன்னதை எல்லாம் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, "இதுல அலை அடிக்குது" என்று அவரே ஓரம் வைத்தார். கடைசியில் ஒன்று வந்தது. சட்டத்தின் கோடுகளைப் பிறகு மெல்லிய பட்டைகளாக ஒட்டிக்கொண்டேன். குமிழை ஃபெவிக்விக் போட்டு ஒட்டக் கூடாது, ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், ஃபெவிகால் போதும் என்று சொன்னதும் அவர்தான்.

டெக்காலுக்கு மிண்ட் பக்கம் ஸ்டிக்கர் கடை அக்காவுக்கு நன்றி. பிரிட்டிஷ் விமானங்களின் அடையாள வட்டத்தின் நடுவில் வழக்கமாகச் சிவப்புப் பொட்டு இருக்கும். நம் பக்கத்துப் போர்முனையில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாது என்று அந்தச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கருநீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும். இதைச் சொன்னதும் அக்கா நீலத்தில் நாலைந்து வகை அடித்து வெயிலில் வைத்துப் பார்த்து, எது சரி என்று மாமாவையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். மாமாவுக்கு நிறம் இன்னும் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

மாமா விமானத்தைக் கையில் வாங்கி, விரலால் தடவித்தான் முழுசாகப் பார்த்தார். வலது குமிழில் விரல் வந்ததும் "இதுதானே புதுசு?" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மற்றதைவிட வழவழப்பாக இருக்கிறதாம். பெரம்பூர் பெரியவரே, இது உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு.

தேக்கு அச்சு பல் லேப் அண்ணனிடமே இருக்கிறது. மிதவையின் சிலிக்கான் அச்சு என்னிடம் இருக்கிறது, இன்னும் சில வார்ப்புகளைத் தாங்கும். கோயம்புத்தூர் ஐயாவிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் சொல்லிவிட்டார். யார் வீட்டுக் காட்டலினாவுக்காவது இந்த இரண்டில் ஒன்று குறைந்தால் சொல்லுங்கள், செய்து அனுப்புகிறேன். மிச்சமிருக்கிற சக்கரங்களும் இருக்கின்றன. தரையில் இறங்குகிற வகையைச் செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
வியாசர்பாடியிலிருந்து