டிரில் பீரியடில் சார்ட் பேப்பர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்கல்வியையும் சுகாதாரத்தையும் வினவிக் கற்கும் முறையில் நடத்த வேண்டும் என்று வலியுறுத்தி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். எங்களுக்கும் அதே கருத்துதான். ஆனால் கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அந்த முறை வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் சார்ட் பேப்பராகிவிடுகிறது. ‘உடற்பயிற்சியின் நன்மைகள் யாவை?’ என்றொரு கேள்வி, கைடிலிருந்து பத்து வரி, கலர் பேனா, அப்புறம் சுவரில் ஓர் ஆணி. பிள்ளைகள் ஓடியதுமில்லை, எதையும் கண்டுபிடித்ததுமில்லை. 40 நிமிட பீரியடில் பாதிக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் உடற்கல்வி ஆகாது.

மைதானமே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போதே மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பிய்த்துக்கொண்டு போகும். “சார், அந்தப் பக்கமா ஓடுனா காத்து தள்ளுதுங்க” என்று ஆறாம் வகுப்புப் பையனே சொல்வான். ‘தள்ளுகிறதா? எவ்வளவு தள்ளுகிறது?’ என்று திருப்பிக் கேட்டால் போதும், இரண்டு பீரியடுக்குப் பாடம் இருக்கிறது.

கிழக்கு மேற்காக 40 மீட்டரை டேப் வைத்து அளந்து இரு முனையிலும் கோடு போடுங்கள். கயிற்றால் அளக்க வேண்டாம், இழுத்த இழுப்புக்கு நீளும். ஐந்து பேர் ஒரு குழு: ஒருவர் ஓட, ஒருவர் கர்சீப்பை வீசிக் கிளப்ப, இருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத. விசில் ஊதிக் கிளப்பினால் சத்தம் 40 மீட்டர் கடந்து வர 0.12 நொடி ஆகிறது, கடிகாரம் அவ்வளவு தாமதமாகத் தொடங்கும். கர்சீப் கீழே போவது கண்ணுக்கு உடனே தெரியும். குழுக்களில் பாதி முதலில் கிழக்கே ஓடட்டும், மறுபாதி மேற்கே. எல்லோரும் ஒரே திசையில் தொடங்கினால் இரண்டாம் ஓட்டத்தின் களைப்பு காற்றின் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் மூன்று நிமிடமாவது ஓய்வு வேண்டும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான பாடம். ஒரே ஓட்டத்துக்கு ஒரு கடிகாரம் 7.9 காட்டும், இன்னொன்று 8.2 காட்டும். யார் சரி என்று சண்டை வரும், வரட்டும். பொத்தானை அழுத்தும் கட்டைவிரலுக்கே 0.2 நொடி வரை பிசகு உண்டு. ஆகவே இரண்டு திசைக்கும் 0.1 நொடிதான் வித்தியாசம் என்றால் ‘தெரியவில்லை’ என்பதே நேர்மையான விடை. அந்த ஒரு சொல்லை நோட்டில் எழுத வைப்பதற்குத்தான் ஆசிரியர் பாடுபட வேண்டும். ‘காற்றால்தான் வேகம் கூடியது’ என்று எழுதினால் மார்க் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், எதிர்க்காற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார்கள். எனவே யூகத்தை முன்பே எழுதி வாங்கி மடித்து வைத்துவிடுவது நல்லது. தடகளத்தில் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் ஓட்டத்திலோ நீளம் தாண்டுதலிலோ சாதனையாக ஏற்பதில்லை என்பதை இந்த இடத்தில் சொன்னால் காதில் ஏறும்.

வித்தியாசத்துக்குக் காரணம் காற்று இல்லை, மைதானத்தின் சரிவு என்று ஒரு பிள்ளை சொன்னால் அவளைத் தட்டிக்கொடுங்கள். மார்கழி, தையில் இங்கே காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது அதே கோட்டில் மறுபடி ஓடினால், சரிவு காரணமென்றால் முடிவு அப்படியே நிற்கும், காற்று காரணமென்றால் தலைகீழாகும். ஜூன் மாதத் தாளைப் பத்திரப்படுத்துவது ஒன்றுதான் செலவு.

விளையாட்டிலும் இது நடக்கும். தனித்தனித் திறனைப் பழக்கிவிட்டு ஆட்டத்துக்குப் போகாமல், ஆட்டத்தின் சிக்கலிலிருந்தே தொடங்கலாம் என்று 1982-இல் இங்கிலாந்தில் உடற்கல்வியாளர்கள் பங்கரும் தோர்ப்பும் முன்வைத்த முறைக்கு நம் கபடி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. எதிரணியில் 7 பேர், 5 பேர், 3 பேர் என மாற்றி நிறுத்தி ஒவ்வொன்றிலும் எட்டு ரெய்டு. தொட்டு வந்தது, பிடிபட்டது, வெறுங்கையோடு திரும்பியது என்று மூன்று பத்தியில் கோடு போட்டு எண்ணட்டும். ரெய்டருக்கு 30 நொடி. கெட்டிக்காரன் ஒருவனையே எல்லா ரெய்டுக்கும் அனுப்பினால் கடைசி ரெய்டுகளில் அவன் மூச்சுதான் அளக்கப்படும், ஆளை மாற்ற வேண்டும். ஆறு பேரோ அதற்கு மேலோ நின்றால் போனஸ் கோட்டைக் கடக்கும் ரெய்டருக்கு ஒரு புள்ளி, மூன்று பேருக்குள் நின்று மடக்கினால் பிடித்தவர்களுக்குக் கூடுதல் புள்ளி என்ற விதியை எண்ணி முடிந்த பிறகு சொல்லி, ‘ஏன் இப்படி வைத்தார்கள்?’ என்று கேளுங்கள்.

நாடி பார்ப்பதை எல்லோரும் செய்கிறார்கள், பாதிப்பேர் தப்பாகச் செய்கிறார்கள். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு, அதனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். ஓடி நின்றதும் துடிப்பு மளமளவென்று இறங்கும். இடத்தைத் தேடுவதிலேயே பத்து நொடி போய்விடும் என்பதால் ஓடுவதற்கு முன்பே மணிக்கட்டில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவதில் ஒரு துடிப்பு தவறினால் விடையில் நான்கு தவறும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பெரியவர்களின் சராசரி, பன்னிரண்டு வயதுக்கு அதை நம்ப வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. இந்த அளவுகோல் போதும்.

சுகாதாரப் பாடத்துக்குத் தண்ணீரைவிட நல்ல பொருள் இங்கே கிடையாது. எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்கே பல போர்வெல்களில் புளோரைடு கூடுதல் என்பது ஊரறிந்தது. ‘காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்’ என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் நம்பிக்கை. அதையே சோதனையாக்கலாம். லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் உள்ள 2 லிட்டர் நீரைக் காய்ச்சி 1.5 லிட்டராக வற்றினால் அளவு 1.6 ஆகிறது. இந்தியத் தர நிர்ணயத்தில் 1.0 வரை ஏற்கத்தக்கது, வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. கிருமி செத்திருக்கும், புளோரைடு கூடியிருக்கும். ஆனால் நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் பரிசோதனைப் பெட்டியில் 1.2-க்கும் 1.6-க்கும் வேறுபாடு தெரியாமல் போகலாம். பாதியாக வற்றவிட்டு, நன்றாக ஆறவைத்துப் பாருங்கள். குடிநீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகக் கட்டையைப் போட்டுவிடாதீர்கள், அந்தச் சிவப்பில் எந்த நிறமும் பிடிபடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். புளோரைடால் பல்லில் கறை எத்தனை பேருக்கு என்று வகுப்பில் எண்ணக் கூடாது. எடையையும் உரக்க வாசிக்கக் கூடாது. கிணற்றையும் நீரையும் ஆராயலாம். பிள்ளையின் வாயைத் திறந்து காட்டச் சொல்வது ஆராய்ச்சி ஆகாது.

கடைசியாக நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. கோடையில் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. அதே பாலக்காட்டு வெயிலில் மதியம் 2 மணிக்கு டிரில் பீரியட் போட்ட கால அட்டவணைகள் இருக்கின்றன. பிப்ரவரி முதல் ஆண்டுத் தேர்வு வரை அதை முதல் பீரியடுக்கு மாற்றித் தாருங்கள். கணக்குப் பாடம் மதியம் நிழலில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.