டொன்சிலில் ஓர் அச்சுப் பிழை

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு என் குரலைக் கேட்டுவிட்டு, "தடிமனா அப்பா?" என்று கேட்டாய். ஆம் என்றேன். பொய் சொல்லிவிட்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பிருந்தே வலது டொன்சில் வீங்கியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒழுங்கை முனை டொக்டர் இரண்டு முறை அன்ரிபயோட்டிக் தந்தார், வீக்கம் அசையவில்லை. ஒருநாள் அம்மா தூங்கிய பிறகு கண்ணாடி முன் நின்று, வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் பாக்களவு. வலப்பக்கம் உள்நாக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு சிறு ஜம்புக்காய் போல நின்றது. 35 வருடம் ஒப்புநோக்காளனாக அச்சுப் பிழை திருத்தியவனுக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பொறுக்குமா? மறுநாளே தொண்டை நிபுணரிடம் போனேன்.

சதையில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். மன்டில் செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். டொன்சிலில் அதிகம் வருவது பெரிய பி செல் வகையாம், இது அரிது. அறுபது கடந்த ஆண்களைத்தான் பெரும்பாலும் பிடிக்குமாம். அறிக்கையை வழக்கம்போல பென்சிலோடு வாசித்தேன். 11ஆம் குரோமோசோமின் துண்டும் 14ஆவதின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால், சைக்ளின் டி1 என்ற புரதம் மிதமிஞ்சி உண்டாகிச் செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டுகிறது. பக்கம் கட்டும்போது இரண்டு பத்தி இடம் மாறினால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? ஒருமுறை மரண அறிவித்தலின் கடைசி வரி மணமகள் தேவைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கிருலப்பனையில் 138 பஸ் பிடித்து மகரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருகிறோம். என்பு மச்சையிலும் கொஞ்சம் இருக்கிறது. 28 நாளுக்கு ஒருமுறை மருந்து, மொத்தம் ஆறு தடவை; ஒன்று முடிந்தது. முதல் தடவை என்பதால் ரிடுக்சிமாப் என்ற மருந்தை மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். நடுவில் எனக்குக் குளிரெடுத்து நடுங்கியது. பக்கத்தில் இருந்த காலி ஊர்ச் சிங்களப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் போர்வையைத் தூக்கி என் மடியில் போட்டார். நோய் அடங்கினாலும் பிறகு திரும்பி வரக்கூடிய வகை என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். நானும் உன்னிடம் ஒளிக்கவில்லை.

உடனே டிக்கெட் போடாதே. பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும். அம்மா தொலைபேசியில் அழுவாள், அழட்டும். சொதியில் பச்சை மிளகாயை நிறுத்திவிட்டாள், இப்போது எங்கள் சண்டை அதுதான்.

வரும்போது சொக்கலேட் வேண்டாம். மெல்லிய முனைச் சிவப்புப் பேனா இரண்டு கொண்டு வா.

அப்பா