கிழட்டுக் குதிரைகள் எங்கே போகின்றன?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கால்நடைப் பராமரிப்புத் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

தர்மபுரியில் ஜட்கா ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டின் கடைசிக் குதிரை, முன்னங்கால் வீங்கி லாடம் அடிக்க முடியாத நிலைக்கு வந்தபோது, தரகர் ஒருவர் துண்டுக்கடியில் அப்பாவின் விரலைப் பிடித்து விலை பேசி, தோப்பொன்றில் மேயவிடப் போவதாகச் சொல்லி ஓட்டிச் சென்றார். எந்த ஊர்த் தோப்பு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது இறைச்சிக்குத்தான் போயிருக்குமோ என்ற உறுத்தல் இன்றுவரை தீரவில்லை.

குதிரை இறைச்சி உண்பவர்களை இழித்துப் பேச நான் வரவில்லை. கசாக்கியருக்கு அது விருந்துணவு. பிரான்சில் 1866 முதல் அது சட்டப்படி விற்கப்படுகிறது. ஜப்பானின் குமமோட்டோவில் பச்சையாகவே மெல்லிதாகச் சீவி உண்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் அடையாள ஏடு உண்டு. ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிநீக்கி ஒருமுறை தரப்பட்டுவிட்டாலும் அந்தக் குதிரை உணவுக்கு ஆகாது என்று அதில் பதிந்துவிட வேண்டும். மனிதருக்கு அம்மருந்து, அரிதாகவேனும், எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்து உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இத்தனை ஏற்பாடு இருந்தும், 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்தபோது 10-இல் குதிரையின் மரபணு இருந்தது.

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இறைச்சிக்கென ஏற்கும் விலங்குகளில் குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. ஆகவே நம் குதிரைகளுக்கு மருந்து கொடுக்கும்போது இறைச்சியை எவரும் நினைப்பதில்லை, ஏடும் கிடையாது. அவற்றை யாரும் உண்ணாதவரை இதில் குறையில்லை. ஆனால் ஆந்திரத்தின் சில மாவட்டங்களில் கழுதைகள் சட்டவிரோதமாக அறுக்கப்படுவது பலமுறை செய்தியாகிவிட்டது. கிருஷ்ணகிரி அந்த மாநில எல்லையில்தான் இருக்கிறது. 2012-இல் நாட்டில் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகிவிட்டன, ஆறு லட்சத்துக்கு மேலிருந்த குதிரைகளும் 3.4 லட்சமாகின. வண்டிகளும் இயந்திரங்களும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஜட்காக்காரர் மகனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் வேலை ஓய்ந்தவை எங்கே போயின என்பதற்கு நம்மிடம் பதிவு இல்லை.

நம் கறிக்கடைக்காரர்கள் மீது நான் பழி சொல்லவில்லை. அவர்கள் கண்ணெதிரே தொங்கும் ஆட்டைத்தான் வெட்டித் தருகிறார்கள். என் கவலை, எங்கிருந்தோ பொட்டலமாக வந்து உணவகங்களில் வேகும் கொத்துக்கறியைப் பற்றியது. அரைத்த கறியைக் கண்ணால் பார்த்து இன்னது என்று எவராலும் சொல்ல முடியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்தால் மரபணுச் சோதனையில் சொல்ல முடியும். முன்னறிவிப்பின்றி எடுத்த மாதிரிகளை அங்கே அனுப்பி, முடிவுகளை ஊரறிய வெளியிடுங்கள். கள்ளத்தனமாக அறுப்பவருக்கும் ஆபத்து உண்டு: குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய் அவருடைய கையில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகவே ஏறிவிடும்.

குந்தாரப்பள்ளி, காரிமங்கலம் போன்ற சந்தைகளிலும் எல்லைச் சோதனைச் சாவடிகளிலும், கைமாறும் ஒவ்வொரு குதிரைக்கும் கழுதைக்கும் விற்றவர், வாங்கியவர், போகும் ஊர், கடைசியாகத் தரப்பட்ட மருந்து ஆகிய நான்கையும் எழுதும் ஒரு பதிவேட்டைத் தொடங்குங்கள். ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை 1824-இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு கொட்டகையை முடமான குதிரைகளுக்கென ஒதுக்கினால், தீவனச் செலவு தாங்காமல் விற்கும் ஏழை வண்டிக்காரர் தரகரைத் தேடிப் போக வேண்டியிருக்காது.

இவற்றில் எது உங்களால் இயலும், எது இயலாது, ஏன் இயலாது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜட்காக்காரர் மகன்,
தர்மபுரி.