எலுமிச்சைக் கன்றுக்கு வேர்ப் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலுமிச்சை விலை ஏறினாலும் சரிந்தாலும் உங்கள் நாளிதழில் தவறாமல் செய்தி வருகிறது. காய்த்துக்கொண்டிருந்த மரம் ஏன் நொடிந்து போகிறது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். புளியங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பம் என் தாத்தா காலத்திலிருந்து எலுமிச்சை வைத்திருக்கிறது.

எங்கள் பகுதியில் மரம் வெளுத்தால் முதலில் தண்ணீரைக் குறை சொல்வோம், அப்புறம் உரத்தை. நுண்ணூட்டம் வாங்கித் தெளிப்போம். இலை சிறுத்து, கொப்பு நுனியிலிருந்து காய்ந்து, காயும் பருக்காமல் நின்றுவிடும். மரம் ஒரேயடியாகச் சாகாது. வருஷத்துக்கு வருஷம் இறங்கும்.

அப்படி இறங்கிய மரத்தடியில், சொட்டுநீர் விழும் இடத்தில், ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிச் சல்லி வேர்களை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். நல்ல மரத்தின் வேர் அலசியதும் வெளிர் மஞ்சளாகத் தெளிந்துவிட்டது. நொடிந்த மரத்தின் வேரோ தடித்துக் கருத்திருந்தது. எவ்வளவு அலசியும் மண் போகவில்லை. விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடு நரம்பு மட்டும் மிஞ்சியது. வேரையும் மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பினோம். எலுமிச்சை நூற்புழு என்று முடிவு வந்தது.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புழு இது. பெண் புழு தலைப் பக்கத்தை வேருக்குள் புதைத்து உறிஞ்சும். வெளியே நிற்கும் பின்பாதியிலிருந்து பசை சுரந்து அதில் முட்டையிடும். அந்தப் பசையில் பிடித்த மண்தான் அலசினாலும் போகாத மண். 1912-இல் கலிஃபோர்னியாவில் இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே நேதன் காப் என்ற அறிஞர் விவரித்துப் பெயரிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்தது மிகக் குறைவு. மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் கார அமிலத் தன்மை, தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம் என 12 விவரம் இருக்கிறது. நூற்புழு பற்றி ஒரு வரி இல்லை. இதே புழு திராட்சை வேரையும் தாக்கும் என்பதால் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

வந்துவிட்ட தோட்டத்தில் இதை அடியோடு ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். வேப்பம் புண்ணாக்கோடு பர்பூரியோசிலியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வேர்ப் பகுதியில் இடச் சொல்கிறார்கள். ஊடுபயிராகப் போடும் கேந்திப் பூச்செடி, வேரில் முடிச்சு விழச் செய்யும் வேறொரு வகையான வேர்முடிச்சு நூற்புழுவை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. இந்தப் புழுவுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. பட்ட மரத்தைப் பிடுங்கிய குழியிலேயே புதுக்கன்று வைத்தால், மண்ணில் கிடக்கும் முட்டையிலிருந்து பொரிக்கும் புழு அதையும் பிடித்துவிடும். ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வைக்கும் முவ்விலை ஆரஞ்சு வேர்ச்செடிக்கு இந்தப் புழுவைத் தாங்கும் திறன் உண்டு. ஆனால் அது சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சரியாக வராது. நம் ஊர் எலுமிச்சையோ பெரும்பாலும் ஒட்டுக்கட்டாத விதைக்கன்று.

ஆகவே தடுக்க வேண்டிய இடம் நர்சரி. பழைய எலுமிச்சைத் தோட்டத்து மண்ணை அள்ளிப் பையில் நிரப்பிக் கன்று போடுவதை நானே பார்த்திருக்கிறேன். கன்று பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும், வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. கொய்யாக்காரர்கள் பட்ட பாடு இதைவிட வேதனை. புதுவகை வேர்முடிச்சு நூற்புழு கன்றுப் பையோடே ஊர் ஊராகப் பரவியது. கூடவே வாடல் நோயும் சேர்ந்துகொள்ள, காய்ப்புக்கு வந்த மரங்களைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று.

நூற்புழு பரவாமல் தடுப்பதை நம் மாநிலத்தில் முன்பு செய்து காட்டியிருக்கிறோம். நீலகிரியில் 1961-இல் உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு தெரிந்தது. பிறகு அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்களும் வந்தன. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1950-களிலிருந்தே ஆரஞ்சு, எலுமிச்சை நர்சரி அமையும் இடத்தில் நூற்புழு இல்லை என்று சோதித்த பிறகே அனுமதி தருகிறார்கள். எலுமிச்சைக் கன்றுக்கு இங்கேயும் அதைச் செய்யலாம். நர்சரி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பை மண்ணிலும் வேரிலும் நூற்புழுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கட்டும். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலேயே மாதிரியைக் கொடுக்க வழி செய்யட்டும். தென்காசியிலிருந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது எல்லாராலும் ஆகிற காரியமல்ல.

உங்கள் வேளாண் பக்கத்தில் மாதிரி எடுக்கும் முறையையாவது வெளியிடுங்கள். மண்ணையும் சல்லி வேரையும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், காயவிடாமல் கொண்டுபோக வேண்டும். உர அளவு பார்க்க மண்ணை நிழலில் உலர்த்திக் கொடுத்துப் பழகியவர்கள் இதையும் உலர்த்திவிடுகிறார்கள்; புழு செத்துவிட்டால் சோதனையில் ஒன்றும் தெரியாது. நடவுப் பருவத்துக்கு முன்பே இது வந்தால் இந்த வருஷம் கன்று வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
எலுமிச்சை விவசாயி ஒருவர்,
புளியங்குடி வட்டாரம், தென்காசி மாவட்டம்.