வலது, இடது பார்த்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு – கல்முனை வீதியோரப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு "வலது பார், இடது பார், திரும்பவும் வலது பார்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். பார்த்த பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? அதை யாரும் சொல்வதில்லை. பெரியவர்களே வாகனம் எவ்வளவு தூரத்தில் என்றுதான் பார்க்கிறார்கள். வேகத்தைக் கணக்கில் எடுப்பவர் குறைவு.

நேரே நம்மை நோக்கி வரும் வாகனத்தின் உருவம் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே, அது வந்து சேரும் நேரத்தை மதிப்பிட முடியும் என்று எடின்பரோ பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் லீ 1976 இல் விளக்கினார். ஆனால் தூரத்தில் அந்த வளர்ச்சி கண்ணுக்குப் படாது. கண்ணில் உருவம் விரியும் கோணம் செக்கனுக்கு 0.003 ரேடியன் (ஏறக்குறைய 0.17 பாகை) கூடினால்தான் தெரியும் என்பது ஆய்வுகளில் வழமையாக எடுக்கும் எல்லை. அதன்படி கணக்குப் போட்டால், மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் 2.5 மீற்றர் அகல பஸ், நம்மை அடைய 7.7 செக்கன் இருக்கும்போதே நெருங்குவது தெரியும். 0.8 மீற்றர் அகல மோட்டார் சைக்கிளுக்கு மிஞ்சுவது 4.4 செக்கன். அதுவே 70 இல் வந்தால் 3.7 தான். வேகம் கூடக் கூட அவகாசம் குறைகிறது. சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு இது இன்னும் பிந்தியே படும். இரவில் ஒற்றை விளக்கு வெறும் புள்ளி. அது கடந்து போகும்வரை நிற்பதைத் தவிர வழியில்லை.

7 மீற்றர் வீதியை செக்கனுக்கு 1.2 மீற்றர் நடையில் கடக்க 6 செக்கன், காலெடுக்க இன்னொன்று. முதியவருக்கு 9 கூட ஆகும். கிரிக்கெட்டில் பிடியெடுக்க ஓடுபவர் தன் கணிப்பை ஓட ஓடத் திருத்திக்கொள்ளலாம். வீதியில் அப்படி முடியாது. நடுவில் தயங்குவதும் பின்வாங்குவதும், உங்கள் நடையைக் கணித்து விலக்கி ஓட்டும் சாரதியையும் குழப்பிவிடும்.

ஆகவே கண்ணை விட்டு, கம்பத்தை நம்புங்கள். முதலில் மைதானத்தில் 7 மீற்றர் அளந்து, பிள்ளை நடக்க எத்தனை செக்கன் என்று பாருங்கள். அதோடு 2 கூட்டுங்கள். பிறகு வீதியோரம் நின்று, வாகனம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதிலிருந்து உங்களை அடையும்வரை எண்ணுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை விட எண்ணிக்கை குறைந்தால், இன்னும் தூரத்திலுள்ள அடுத்த கம்பம். வேகமாக வரும் வாகனத்தை வைத்தே இதைச் செய்ய வேண்டும். அந்தக் கம்பத்துக்கு இப்பால் வாகனம் இல்லாதபோதுதான் கடப்பது. இடப்பக்கக் கம்பத்தை எவரும் குறைத்து எடுக்கக் கூடாது: இடமிருந்து வருபவை நாம் கடைசியாகத் தாண்டும் பாதியில் ஓடுகின்றன. வலப்பக்கத்தையும் சுருக்க முடியாது. பஸ்ஸை முந்தும் வான் அந்தத் தூரப் பாதிக்குத்தான் வரும்.

பிள்ளைகள் பெரியவர் தெரிவுசெய்யும் அதே இடைவெளியைத் தெரிவுசெய்தாலும் காலெடுக்கப் பிந்துகிறார்கள். வாகனம் கடந்த கையோடு நடக்கப் பழக்க வேண்டும்.

காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் நிற்கும் நடுத்திட்டு இருப்பதால் ஒரு தடவைக்கு ஒரு பக்கத்தைக் கணித்தால் போதும். மற்ற ஊர்களில் அது உடனே நடக்கிற காரியமில்லை. ஆனால் பாடசாலைக் கடவைகளின் இருபுறமும், 9 செக்கன் கணக்கில், வாகனம் 50 இல் ஓடும் இடத்தில் 125 மீற்றரிலும் 70 இல் ஓடும் இடத்தில் 175 மீற்றரிலும் கம்பத்துக்கு மஞ்சள் பட்டை அடிக்க அதிக செலவாகாது. உரிய அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டையை ஆள் உயரத்துக்கு மேலே அடியுங்கள். கீழே அடித்தால் நிறுத்திவைத்த ஆட்டோக்கள் மறைத்துவிடும்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி